யாரிடம் போய்க் கதைப்பது?

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் ஒழுங்குசெய்த கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெண்களின் சுகாதாரம் பற்றிப் பேசுங்கோ என்று செயலாளர் அக்கா கேட்டிருந்தார். நீரிழிவு, இரத்த அழுத்தம் பற்றிப் பேசியிருக்கலாம். அவை பற்றிச் சொல்ல இந்த மண்டபத்தில் என்னைவிட மூத்த வைத்தியர்கள் பலர் இருக்கிறார்கள். நான் இங்கிலாந்தில் குடும்ப வைத்தியராக வேலை செய்கிறேன். எங்கள் பழைய மாணவிகள் சில வேளைகளில் இரவு நேரத்தில் எனக்குத் தொலைபேசி எடுப்பார்கள். பிள்ளைகளின் படிப்பு, அம்மாவின் முழங்கால் எல்லாம் கதைத்து முடிந்த பிறகு, வைக்கப்போகும் நேரத்தில்தான் எடுத்த காரியம் வெளியே வரும்: "அக்கா, எனக்கு ஆரிட்டையாவது மனம்விட்டுக் கதைக்கவேணும் போல கிடக்கு. ஆரிட்டப் போறது? எங்கட ஆக்களிட்டப் போகப் பயமா இருக்கு. வெள்ளைக்காரருக்கு எங்கட விசயம் விளங்காது."

இந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்ல முயல்கிறேன். நான் உளமருத்துவ நிபுணர் அல்ல. நோயாளரை உளவளத்துணைக்கும் உளச்சிகிச்சைக்கும் அனுப்பிவைக்கும் இடத்தில் இருப்பவள். யாரை எங்கே அனுப்பினால் அவர் திரும்பிப் போவார், எங்கே அனுப்பினால் ஒரு தடவையோடு நின்றுவிடுவார் என்பது அந்த இடத்தில் இருந்து பார்த்தால் தெரியும். நான் சொல்லப்போகும் உதாரணங்கள் எந்த ஒருவருடைய கதையும் அல்ல. பலரிடம் கேட்டவற்றைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். ஆகவே "இது இன்னாருடைய மகள்தானே" என்று யாரும் கணக்குப் பார்க்க வேண்டாம்.

முதலில், "வெள்ளைக்காரருக்கு விளங்காது" என்ற பயத்தைப் பார்ப்போம். அதில் உண்மை இருக்கிறது.

தம்பி 2009இல் காணாமற்போன ஒரு பெண். இத்தனை வருடமாகியும் அவருக்கு வீட்டில் திவசம் செய்ததில்லை. அவர் பிறந்த நாளுக்குக் கோவிலில் அர்ச்சனை செய்கிறார்கள். உளச்சிகிச்சையாளர் இதைக் கேட்டுவிட்டு, நீங்கள் இழப்பை ஏற்றுக்கொள்ள மறுக்கிறீர்கள், ஏற்றுக்கொண்டால்தான் முன்னேறலாம் என்கிறார். அந்தப் பெண்ணுக்கு அது எப்படிக் கேட்கும்? தம்பியைச் சாகக் கொடுத்துவிட்டு வா என்றுதான் கேட்கும். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் வீதியோரத்தில் இருந்து போராடத் தொடங்கிய தாய்மாரின் கேள்வியும் இதேதான்: பதில் கிடைக்காமல் எதை ஏற்றுக்கொள்வது? உளவியலில் இதற்குப் பெயர் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். முடிவு தெரியாத இழப்பை முடித்துவை என்று வற்புறுத்தக் கூடாது, முடிவு தெரியாமலே வாழ உதவ வேண்டும் என்பதுதான் அவருடைய நிலைப்பாடு. ஆகவே அந்தச் சிகிச்சையாளருக்குத் தமிழ்ப் பண்பாடு மட்டுமல்ல, தன் துறையிலேயே இருக்கும் ஒரு பாடமும் கைக்கு வரவில்லை.

இன்னொன்று, சொற்கள். "இடம்பெயர்ந்தோம்" என்பதை ஆங்கிலத்தில் சொல்ல, கேட்பவர் வீடு மாறினோம் என்று எழுதிக்கொள்வார். 1995 ஒக்ரோபர் 30 இரவு மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லில் என்ன இருக்கிறது என்று தெரியும். "சித்திதான் என்னை வளர்த்தவ" என்று நீங்கள் சொன்னால் ஆங்கிலத்தில் சித்தி, மாமி, பெரியம்மா மூவருக்கும் ஒரே சொல். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் உங்கள் குழந்தைப் பருவமே மறைந்துவிடும்.

உடம்பும் ஒரு மொழி பேசும். எங்கள் அம்மாமார் மனச்சோர்வு என்று சொல்லமாட்டார்கள். தலை விறைக்குது, நெஞ்சு பாரமாக் கிடக்கு, உடம்பெல்லாம் உளையுது, மனம் அந்தரப்படுது என்பார்கள். "அந்தரம்" என்பதற்கு ஒரு சொல்லில் மொழிபெயர்ப்புக் கிடையாது. "பிள்ளை ஏங்கிப்போச்சு" என்று நாங்கள் சொன்னால், பயந்து உறைந்துவிட்டது என்று பொருள். தமிழ்நாட்டிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் அதைப் பிள்ளை எதற்கோ ஆசைப்பட்டு வாடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அவரும் தமிழர்தான். தமிழ் தெரிந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

இனி, "எங்கட ஆக்களிட்டப் போகப் பயமா இருக்கு" என்ற மற்றப் பயம். இதை நாங்கள் வெளியில் கதைப்பது குறைவு.

எங்கள் சமூகம் சிறியது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ தமிழ் உளவளத்துணையாளர் ஒருவரைக் கண்டுபிடித்தால், அவர் உங்கள் மச்சாளோடு படித்தவராக இருக்கலாம். முதல் சந்திப்பிலேயே "ஊரில எந்த இடம்? அப்பா என்ன செய்தவர்?" என்று அவர் கேட்டால், கேட்கப்படுவது முகவரி மட்டுமல்ல என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கேள்விக்குப் பின்னால் சாதி இருக்கிறது. சாதியின் பெயரால் மனம் நொந்த பெண் அந்த இடத்திலேயே வாயை மூடிவிடுவாள். மலையகத்திலிருந்து வந்து விடுதியில் இருந்து எங்களோடு படித்த தோழிக்கும், 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் தோழிக்கும், எங்களில் ஒருவர் "எங்கட ஆள்" ஆகிவிடுவாரா? இன்னொரு பெண்ணை நேசிக்கும் தங்கைக்கு? தாய்நாட்டின் தண்டனைச் சட்டக்கோவையே அவளுக்கு எதிராக எழுதப்பட்டிருக்கும்போது, தமிழ் முகம் ஒன்றைக் கண்டதும் அவள் மனம்விட்டுக் கதைப்பாள் என்று எதிர்பார்க்க முடியாது.

வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த 24 வயதுப் பிள்ளை ஒருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை செய்கிறாள், பெற்றோருடன் இருக்கிறாள், வீட்டுக் கடனில் ஒரு பங்கு கட்டுகிறாள், அம்மாவுக்குக் கடிதங்களை வாசித்துச் சொல்வதும் அவள்தான். அவளுக்கு மூச்சு முட்டுகிறது. அந்நிய நாட்டுச் சிகிச்சையாளர் "நீ ஏன் தனியாகப் போய் இருக்கக் கூடாது?" என்று கேட்கிறார். தமிழ்ச் சிகிச்சையாளர் "அம்மா அப்பா உன்ர நன்மைக்குத்தானே சொல்லினம்" என்கிறார். இரண்டு பேரும் அவளைக் கேட்கவில்லை. ஒருவருக்கு அவளுடைய குடும்பம் தெரியாது. மற்றவருக்கு அது நன்றாகத் தெரியும் என்ற நினைப்பு. அவளுக்கு வேண்டியது அம்மாவை விட்டுப் போகாமல் அம்மாவிடம் "இது என்னால் ஏலாது" என்று சொல்லும் வழி. அதை அவளிடமே கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

இதில் ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பெரும்பாலும் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் கப்ரால், ஸ்மித் என்ற இருவர் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். மக்கள் தங்கள் இனத்தைச் சேர்ந்த சிகிச்சையாளரை விரும்புகிறார்கள். அவரைச் சற்று உயர்வாகவும் மதிக்கிறார்கள். ஆனால் சிகிச்சையின் பலனில் ஏறக்குறைய வித்தியாசம் இல்லை என்று அவர்கள் கண்டார்கள். அதற்கு முன்னர் 2006இல் கிறைனர், ஸ்மித் என்பவர்கள் 76 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். நோயாளரின் பண்பாட்டுக்கேற்பச் சிகிச்சையை மாற்றி அமைத்தால் பலன் கூடுகிறது, அவருடைய தாய்மொழியில் நடந்தால் இன்னும் நன்றாகக் கூடுகிறது என்பது அவர்களுடைய முடிவு.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நான் உங்களுக்குச் சொல்ல வந்த விடயம் கிடைக்கும். உங்களைப் போலவே இருக்கும் ஒருவரைத் தேட வேண்டாம். உங்களைப் பற்றி உங்களிடமே கேட்கத் தெரிந்த ஒருவரைத் தேடுங்கள். அவர் உங்கள் மொழியையும் பேசினால் பெரிய வாய்ப்பு. மொழி இருந்தும் கேட்கத் தெரியாதவரைவிட, மொழி இல்லாமல் கேட்கத் தெரிந்தவர் மேல்.

எங்களுக்கு இது புதிய பாடமும் அல்ல. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் வேலை செய்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993இல் "மனவடு" என்ற நூலைத் தமிழில் எழுதினார். மேல்நாட்டுப் பாடநூலில் உள்ளதை அப்படியே கொண்டுவராமல், அவரவர் சமயத்துக்கேற்ற செபம், மந்திரம், மூச்சுப் பயிற்சி என்பவற்றையும் சிகிச்சையோடு சேர்த்துக்கொண்டவர் அவர். மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், போர்க்கால மட்டக்களப்பில் காணாமற்போனோரின் உறவினர்கள் அம்மன் கோவில்களில் தெய்வமாடுபவர்களிடம் போய் அழுது ஆறுதல் பெற்றதைப் பதிவு செய்திருக்கிறார். வெளியில் சொல்லப் பயந்த விடயத்தை அங்கே சொல்ல முடிந்தது. நல்ல சிகிச்சையாளர் இதை மூடநம்பிக்கை என்று தள்ளமாட்டார். அங்கே போனபோது உங்களுக்கு என்ன சுகம் கிடைத்தது என்று கேட்பார்.

சரி, அப்படி ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் சந்திப்புக்கு முன்னர் தொலைபேசியில் பத்து நிமிடம் கதைக்கலாமா என்று கேளுங்கள். தனியாகத் தொழில் செய்யும் பலர் சம்மதிப்பார்கள். சேலை வாங்கப் போனால் எத்தனை கேள்வி கேட்கிறோம்! இதற்கும் கேட்கலாம். நான் சொல்லிக்கொடுப்பவை ஐந்து.

ஒன்று: உங்கள் தகுதி என்ன, எந்த அமைப்பில் பதிவு செய்திருக்கிறீர்கள்?

இரண்டு: போரையும் இடப்பெயர்வையும் கண்டவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா?

மூன்று: குடும்பத்தைப் பிரிந்து போகாமலே பிரச்சினையைத் தீர்க்க விரும்பும் ஒருவருக்கு நீங்கள் எப்படி உதவுவீர்கள்?

நான்கு: என்னுடைய சமயத்தைப் பற்றியோ சமூகத்தைப் பற்றியோ உங்களுக்குத் தெரியாதது வந்தால் என்ன செய்வீர்கள்?

ஐந்து, தமிழர் என்றால்: எங்கள் இருவருக்கும் தெரிந்தவர்கள் இருக்கலாம், வெளியில் கண்டால் என்ன செய்வீர்கள், நான் சொல்வது எங்கே பதிவாகும், யார் பார்ப்பார்கள்?

பதிலின் அழகைவிட, கேள்வியைக் கேட்டு அவர் முகம் சுளித்தாரா, குரல் மாறியதா என்று கவனியுங்கள். "தெரியாவிட்டால் உங்களிடம் கேட்பேன், நானும் படித்துக்கொள்வேன்" என்று சொல்பவர் நல்லவர். "எனக்கு எல்லாத் தமிழரையும் தெரியும்" என்பவரிடம் அவதானமாக இருங்கள்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்நிர்ணயக் கையேட்டில், பண்பாட்டை அறிவதற்கென்றே 16 கேள்விகள் கொண்ட நேர்காணல் ஒன்று இருக்கிறது. உங்கள் பிரச்சினையை வீட்டாரிடமும் ஊராரிடமும் எப்படிச் சொல்வீர்கள், அது ஏன் வந்ததென்று நினைக்கிறீர்கள், இதற்கு முன் என்ன உதவி தேடினீர்கள் என்ற வகைக் கேள்விகள். உங்கள் சிகிச்சையாளர் அவற்றைக் கேட்காவிட்டால், அந்த நேர்காணலைப் பயன்படுத்துங்கள் என்று நீங்களே சொல்லலாம்.

மூன்று, நான்கு தடவை போய்ப் பாருங்கள். முதல் ஒன்றிரண்டு தடவை நீங்கள் விளக்கம் சொல்லத்தான் வேண்டியிருக்கும். ஆறாவது தடவையும் பாடம் நடத்திக்கொண்டிருந்தால் ஆளை மாற்றுங்கள். மாற்றுவது மரியாதைக் குறைவு அல்ல. ஆசிரியைக்கு முன்னால் எழுந்து நின்று பழகிய எங்களுக்கு இது கஷ்டம்தான். "எனக்குப் பொருந்தவில்லை, வேறு ஒருவரைத் தாருங்கள்" என்ற ஒரு வசனம் போதும்.

நாட்டுக்கு நாடு சில விபரங்கள் சொல்கிறேன். இங்கிலாந்தில் என்.எச்.எஸ். பேச்சுச் சிகிச்சைச் சேவைக்கு உங்கள் ஜீ.பி.யின் கடிதம் தேவையில்லை, நீங்களே பதியலாம். மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். இலங்கைத் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். மகளையோ கணவரையோ மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். அங்கே கவுன்சிலர், சைக்கோதெரப்பிஸ்ட் என்ற பெயர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை; யாரும் பலகை போடலாம். ஆகவே பி.ஏ.சி.பி. அல்லது யூ.கே.சி.பி. பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். லண்டனில் 1983இலிருந்து நஃப்சியாத் என்ற பல்பண்பாட்டுச் சிகிச்சை நிலையம் இயங்குகிறது. சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கு ஃப்ரீடம் ஃப்ரொம் ரோச்சர் அமைப்பு இருக்கிறது.

கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில் உளச்சிகிச்சையாளர்களுக்கு அரச அங்கீகாரம் பெற்ற ஒழுங்குபடுத்தும் கல்லூரி உண்டு. அதன் பதிவேட்டில் பெயரைத் தேடலாம். தனியார் உளச்சிகிச்சைக்கு ஓஹிப் பணம் கொடுப்பதில்லை. வேலைத்தலக் காப்புறுதி எந்தத் தகுதியாளருக்குக் கொடுக்கும் என்று முதலில் விசாரியுங்கள். அவுஸ்திரேலியாவில் உங்கள் குடும்ப வைத்தியர் உளநலச் சிகிச்சைத் திட்டம் ஒன்றை எழுதினால், வருடத்துக்கு 10 தனிச் சந்திப்புகள் வரை மெடிகெயார் கழிவு கிடைக்கும். நியூ சவுத் வேல்சில் 1988இல் தொடங்கிய ஸ்ரார்ட்ஸ், போராலும் சித்திரவதையாலும் பாதிக்கப்பட்ட அகதிகளுக்கானது.

இங்கே தாய்நாட்டில், அரச வைத்தியசாலைகளின் உளநலச் சிகிச்சை நிலையங்கள் இலவசம். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். சொந்த ஊரில் போகக் கூச்சமாக இருந்தால் பக்கத்து மாவட்டத்தில் போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். "அங்கொடைக்குத்தான் அனுப்பவேணும்" என்ற பழைய பகிடியை வீட்டில் பிள்ளைகள் முன்னால் சொல்வதை மட்டும் நிறுத்துவோம். அந்தப் பகிடியைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, தனக்குத் தேவை வரும்போது எங்களிடம் சொல்லாது.

ஒரு விடயத்தை மட்டும் மிக அழுத்தமாகச் சொல்கிறேன். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், உங்களை விளங்கிக்கொள்ளும் சரியான ஆள் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த நேரத்தில் பண்பாட்டுப் பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை. முதலில் உயிர். இலங்கையில் 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம். இங்கிலாந்தில் 111க்கு எடுத்து 2ஐ அழுத்துங்கள். கனடாவில் 988. அவுஸ்திரேலியாவில் 13 11 14. ஆங்கிலம் வராவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரைக் கொண்டென்றாலும் எடுப்பியுங்கள். அந்த எண்ணம் மற்றொருவருக்கு வந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்காததால்தான் பலர் தனித்துப் போகிறார்கள்.

கடைசியாகச் சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள்கள். உலகெங்கும் எங்களுக்குக் கிளைகள் இருக்கின்றன. கட்டடத்துக்குக் காசு சேர்க்கிறோம், புலமைப்பரிசில் கொடுக்கிறோம், நல்ல காரியங்கள். அதோடு ஒவ்வொரு கிளையும் தன் நாட்டில் பழைய மாணவிகளுக்குப் பயன்பட்ட சிகிச்சையாளர்களின் பட்டியலை வைத்திருக்கலாம். அதில் அவருடைய மொழி, தகுதி, கட்டணம் மட்டும் இருக்கட்டும். யார் சொன்னார்கள் என்பதோ, யார் கேட்டார்கள் என்பதோ வேண்டாம். பட்டியலைக் கேட்பவரிடம் "ஏன், என்ன பிரச்சினை?" என்று கேட்பதில்லை என்பது முதல் விதியாக இருக்கட்டும். வகுப்பு வட்ஸ்அப் குழுவிலிருந்து ஒருத்தி சொல்லாமல் விலகினால், அவளைப் பற்றிக் குழுவில் ஆராயாமல் ஒருவர் தனியாக எடுத்துச் "சாப்பிட்டியா?" என்று கேட்டால் போதும். எங்கள் மொழியில் அந்த ஒரு கேள்விக்குள் எல்லாம் அடங்கும்.

இரண்டாவது, பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்கு. வைத்தியம், பொறியியல், கணக்கியல் என்று போகும் உங்களில் சிலர் உளவியலுக்கும் உளவளத்துணைக்கும் சமூகப்பணிக்கும் போக வேண்டும். பெற்றோர் "அதென்ன படிப்பு?" என்று கேட்பார்கள். ஒரு தமிழ்ப் பெண் தன் சொந்தச் சொற்களில் "மனம் அந்தரப்படுது" என்று சொல்லும்போது, அதை அப்படியே விளங்கிக்கொண்டு, விளங்காததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஒருத்தி எதிரில் இருக்க வேண்டும் என்பதற்கான படிப்பு என்று சொல்லுங்கள். இந்தக் கல்லூரி நூறு வருடமாக எத்தனையோ வைத்தியர்களையும் ஆசிரியைகளையும் தந்திருக்கிறது. அடுத்த தலைமுறைக்கு அப்படிப்பட்டவர்களையும் தரட்டும்.